மாதத்தில் எத்தனை நாள் பாடு?

வாங்க, வாங்க... எல்லாரும் சௌக்கியமா? இந்த மாதம் சர்க்கரை பார்த்தீர்களா? முட்டி வலி தேவலையா? ராத்திரி தூக்கம் வருகிறதா, இல்லை செல்போனைத் தடவிக்கொண்டே விடிந்துவிடுகிறதா? நான் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். இதே கேள்விகளை அரசாங்கம் ஆள் வைத்து வீடு வீடாகக் கேட்டால் என்ன செய்வீர்கள்? அப்படிக் கேட்கப் போன ஒரு பெண்ணின் கதைதான் இது. மழையில் ஆரம்பிக்கிறது... மழை இல்லாமல் காதல் கதை சொல்ல எனக்கு வராது.

பெண்ணின் பெயர் வெண்ணிலா. ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் நெல் விளைகிற ஊர். அவளுடைய நைனா தெய்வசிகாமணிக்கு வயலைத் தவிர வேறு உலகம் கிடையாது. அந்தப் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். பெண் புள்ளியியல் படித்துவிட்டு, பழவேற்காடு ஏரியைச் சுற்றி இருக்கிற ஊர்களில் ஜனங்களின் உடம்பும் மனசும் எப்படி இருக்கிறது என்று கணக்கெடுக்கிற வேலையில் சேர்ந்திருந்தாள். ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு, அப்புறம் படகு. தோளில் ஒரு பை. பைக்குள் பிரஷர் மிஷின், எடை மிஷின், பிளாஸ்டிக் உறைக்குள் சிலேட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் டேப். கேள்விகளெல்லாம் அந்த டேப்பில்தான் இருந்தன.

ஏரிக்கு நடுவில் ஒரு சின்னக் குப்பம். அவள் படகை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. அடித்துக் கொட்டுகிற மழை இல்லை. எதிர்க்கரையிலிருந்து தண்ணீர் மேலேயே சாம்பல் நிறத்தில் நடந்து நடந்து நம்மிடம் வருமே, அந்த மழை... ஓடிப்போய் ஒரு வலைக் கொட்டகையில் ஒதுங்கினாள்.

"இன்னாம்மா, நிக்க வேற எடமே கெடைக்கலியா? வலை மேல நிக்கிற."

குனிந்து பார்த்தாள். வெள்ளை வலை. அதன் மேல் அவள் செருப்புச் சேறு. பதறிப்போய்த் தாண்டிக் குதித்தாள்... குதித்த இடத்திலும் வலை.

கொட்டகை மூலையில் உட்கார்ந்திருந்தவன் சிரித்துவிட்டான். தாமோதரன் என்று பெயர், ஊருக்குத் தாமு. ஏரித் தண்ணீரில் வெயில் பட்டுக் கண் கூசும் இல்லையா... தினம் அதைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிப் பழகிய கண்கள் அவனுக்கு. சிரித்தால் இன்னும் சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்குள் ஏதோ ஒன்று பளிச்சென்று மின்னிவிட்டு ஒளிந்துகொள்ளும். வெண்ணிலா அதைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது... பார்த்துவிட்டாள்.

கோபத்தை வரவழைத்துக்கொண்டு, தான் அரசாங்க வேலையாக வந்திருப்பதாகவும், அவன் கையை நீட்ட வேண்டும் என்றும் சொன்னாள். அவன் நீட்டினான். பட்டையைச் சுற்றி மிஷினை அழுத்தினாள். எண் ஏறிக்கொண்டே போனது. அமைதியாக மூச்சு விடச் சொல்லி மறுபடி பார்த்தாள். இன்னும் ஏறியது.

"உங்களுக்கு பிரஷர் இருக்கு."

"காத்தால இல்லியே."

"காலையில பார்த்தீங்களா?"

"காத்தால நீ வரலியே, மேடம்."

வெண்ணிலா காதில் விழாத மாதிரி டேப்பைத் திறந்தாள். அவளுக்கு மட்டும் அந்த நேரத்தில் யாராவது பிரஷர் பார்த்திருந்தால் மிஷின் உடைந்திருக்கும்...

அடுத்த கேள்வியில்தான் விதி உட்கார்ந்திருந்தது. 'கடந்த மாதத்தில் மன உளைச்சல் அல்லது துயரம் அனுபவித்த நாட்கள்' என்று எழுதியிருந்தது. இதை இப்படியே கேட்டால் யாருக்குப் புரியும்? அவள் வீட்டில் வெள்ளத்தில் பயிர் மூழ்கினால் நைனா தலையில் கை வைத்து, பெரிய பாடாப் போச்சு என்பார். பாடு என்றால் கஷ்டம். அந்த வார்த்தையைப் போட்டால் ஜனங்கள் மனம் விட்டுப் பேசுவார்கள் என்று நினைத்தாள்.

"மாசத்துல எத்தனை நாள் பாடு உங்களுக்கு?"

ஐயோ பெண்ணே... அந்த ஏரியில் பாடு என்றால் வேறு. இறாலுக்கு வலை கட்டுகிற நல்ல இடங்களை ஊர் கூடி முறை வைத்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இன்று உனக்கு, நாளை எனக்கு. அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. பாடு உள்ள நாள் கை நிறைய இறால் வருகிற நாள். பாடு இல்லாத நாள் கரையில் சும்மா உட்கார்ந்து கொட்டாவி விடுகிற நாள். நெல் ஊர்ப் பெண்ணுக்கு இது எங்கே தெரியும்?

"பாதி மாசம் பாடுதான்" என்றான் தாமு, நெஞ்சை நிமிர்த்தி.

"மீதி நாளு?"

"அடுத்த பாடு எப்ப வரும்னு பாத்துனு இருப்போம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். வெண்ணிலா டேப்பில் எண்ணைப் போட்டாள். பாதி மாதம் துயரம்... மீதி மாதம் அடுத்த துயரத்துக்குக் காத்திருப்பு... அதிலும் இப்படிச் சிரிக்க ஒரு மனுஷனால் முடியுமா?

அவன் அம்மா அங்காளம்மாள் அவளை வீட்டுக்குள் கூப்பிட்டு, சூடாகக் காபி கொடுத்து, போன வருஷம் நிறையப் பாடு கிடைத்தது, இந்த வருஷம் குறைச்சல், இன்னும் நாலு பாடு கொடு என்றுதான் சாமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாள். கஷ்டத்தைக் கூடச் சாமியிடம் வரமாகக் கேட்கிற தாய்... வெண்ணிலா காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டாள். ஒவ்வொரு வீட்டிலும் இதே கதை. எண்ணிக்கை அதிகமாக இருந்தவர்கள் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். திரும்பும்போது படகில் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அழுதாள்.

அதற்கப்புறம் எடை பார்க்க, சர்க்கரை பார்க்க என்று சாக்கு வைத்து வந்தாள். மற்ற வீடுகளில் கால் மணி, தாமு வீட்டில் ஒரு மணி. ஒருநாள் வேர்க்கடலை உருண்டை செய்து கொண்டுவந்தாள். அவனிடம் பேசும்போது குரலை ஏனோ மெத்தை மாதிரி ஆக்கிக்கொள்வாள். மனசுக்குள் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள், என்னிடம் சொல்லலாம் என்பாள். தாமு இதைத் தப்பாகவா எடுத்துக்கொள்வான்? மனசுக்குள் இருப்பதைச் சொல்லச் சொல்கிறாள் ஒரு பெண்... அவன் புதுச் சட்டை வாங்கினான். அவளைத் தன் படகிலேயே ஏற்றிப்போய் பஸ் வரைக்கும் விட்டான். இருவரும் பேசியது கொஞ்சம்தான். படகுக்கு முன்னால் பூநாரைகள் கூட்டமாக எழும்பும்போது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்வார்கள். அப்புறம் ஒரே சமயத்தில் குனிவார்கள்...

கணக்கு முடிந்து முடிவுகள் வந்தன. ஏரியைச் சுற்றி உள்ள ஊர்களிலேயே மனத்துயரத்தில் முதலிடம் அந்தக் குப்பத்துக்கு. இரண்டாவது ஊர் எங்கேயோ பின்னால் இருந்தது. வட்டார அலுவலர் தருமலிங்கம் நல்ல மனுஷர். பதறிப்போய் ஆறுதல் சொல்ல ஒரு குழுவையே அனுப்பினார். கூட வெண்ணிலா.

ஊர் கூடியது. ஆலோசனை சொல்ல வந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, அங்காளம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, மிகவும் மென்மையாகச் சொன்னார்.

"கவலைப்படாதீங்கம்மா. உங்க பாட்டையெல்லாம் நாங்க குறைச்சிடறோம். கொஞ்சம் கொஞ்சமா ஒண்ணுமே இல்லாம பண்ணிடலாம்."

அவ்வளவுதான். ஊர் எழுந்து நின்றது. தலைவர் சிங்காரம், எங்கள் பாட்டைக் குறைக்க நீங்கள் யார், பாட்டன் காலத்திலிருந்து வருகிற முறை என்று கத்தினார். ஏரியைப் பிடுங்கத்தான் கணக்கெடுத்தார்கள் என்று ஒருவர் சொன்னார். படகை அவிழ்க்காதீர்கள், பதில் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இன்னொருவர். அந்தக் கூட்டத்தில் தாமு மட்டும் கத்தவில்லை. வெண்ணிலாவை நேராகப் பார்த்தான். கண்கள் சுருங்கவில்லை.

"இதுக்குத்தான் வூடு வூடா எண்ணினியா?"

வெண்ணிலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கஷ்டத்தைக் குறைக்கிறோம் என்றால் யாராவது சண்டைக்கு வருவார்களா? அதையே கேட்டாள்... பாடு என்றால் கஷ்டம் இல்லையா?

முதலில் அங்காளம்மாள்தான் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்தாமலே சிரித்தாள். சிங்காரம் துண்டை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஊரே சிரித்துக்கொண்டே, ஏரிப் பாடு என்றால் என்னவென்று அவளுக்குச் சொன்னது. ஆலோசனை சொல்ல வந்த அம்மாவுக்கு இறால் தொக்கும் சோறும் கிடைத்தன.

சிரிக்காதவன் ஒருவன்தான். கரையோரமாக நடந்துபோனான். வெண்ணிலா பின்னாலேயே ஓடினாள். அவன் திரும்பினான்.

"அப்ப அந்த உருண்டை, அந்தப் பேச்சு... எல்லாம் நான் பாவம்னுதானா?"

அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. பொய் சொல்ல வராத பெண்.

"எனக்கு ஒரு கொறையும் இல்ல மேடம். நீ வேற ஊர் போய்ப் பாரு" என்றான். மேடம் என்ற வார்த்தையில் முதல் நாள் இருந்த கேலி போய்விட்டிருந்தது...

அந்த வாரம் வெண்ணிலா சாப்பிடாததைப் பார்த்து நைனா, வேலை பிடிக்காவிட்டால் விட்டுவிடு என்றார். அவள் விடவில்லை. தருமலிங்கத்திடம் போய், தப்பு என்னுடையது, நான் போட்ட வார்த்தை தப்பு, அந்த ஊரை மட்டும் மறுபடி எண்ண வேண்டும் என்றாள். அவர் நன்றாகத் திட்டினார். மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது என்று தலையைச் சொறிந்தார். கடைசியில் போய்வா என்றார்.

குப்பத்தில் அவளைக் கண்டதும் சிறுசுகள் முதல் கிழங்கள் வரை, எத்தனை நாள் பாடு என்று கேட்டுக் கிண்டல் செய்தார்கள். அவளும் சிரித்தாள். இந்த முறை புரிகிற மாதிரி, மனசு பாரமாக இருந்த நாள் எத்தனை என்று கேட்டாள். புருஷனை இழந்த ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். இடுப்பு வலியில் தூங்காத ஒருவர் சொன்னார். மற்றபடி ஊர் நன்றாகத்தான் இருந்தது... சண்டை போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, நிம்மதியாக. ஆனால் தாமு மட்டும் அவள் வரும்போதெல்லாம் ஏரிக்குள் இருந்தான். அவன் பெயருக்கு நேரே கட்டம் காலியாகவே இருந்தது.

கடைசி நாள் சாயந்திரம். தூறல். வெண்ணிலா தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி அவன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பதில் சொல்லிட்டுப் போங்க."

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லைன்னேனே."

"முதல்ல பாவம்னுதான் பார்த்தேன். மறைக்கல." மழைத்துளி இமையில் நின்று அவள் பார்வையை மறைத்தது, துடைக்கவில்லை. "உங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லைன்னு தெரிஞ்சப்போ நான் சந்தோஷப்பட்டிருக்கணும். ஆனா அழுகை வந்துச்சு. இனிமே உங்களப் பார்க்க வர ஒரு காரணமும் இல்லையேன்னு..."

தாமு துடுப்பைக் கீழே வைத்தான். படகு தானாக அசைந்து அவள் பக்கமாக வந்தது.

"எனக்குன்னு சொந்தப் பாடு இன்னும் இல்ல" என்றான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "எங்கப்பா பேருல வர்ற பாட்டுலதான் போறேன். கண்ணாலம் ஆனாத்தான் ஊரு நம்ம பேரைத் தனியா எழுதும்."

"எப்போ எழுதுவாங்க?"

"அத நீதான் சொல்லணும்."

"அப்போ பாடு கிடைக்கும்னுதான் என்னைக் கட்டிக்கப் போறீங்களா?"

கண்கள் சுருங்கின. அந்தப் பளிச் திரும்பி வந்தது. "உன்னோட மாரடிக்கிறதுக்குப் பாடு வேற எதுக்கு... உங்க ஊர்ப் பாட்டுக்கு நீயே போதாதா?"

அவள் தண்ணீரை அள்ளி அவன் மேல் வீசினாள். அப்புறம் கடமை தவறாதவளாக, டேப்பை உறையிலிருந்து எடுத்து, குரலை உயர்த்திக் கேட்டாள். போன மாதம் மனசு பாரமாக இருந்த நாட்கள்?

"நீ வராத நாளெல்லாம். நெசமாத்தான்... போட்டுக்கோ."

அவள் போட்டாள்.

அடுத்த வாரம் தருமலிங்கம் போனில் கூப்பிட்டார். குப்பத்தின் புதுக் கணக்கு வந்துவிட்டதாம், மனசுக்கு நிம்மதியாம். ஆனால் இளம் ஆண்கள் வரிசையில் ஒரே ஒருவருக்கு மட்டும் துயரம் மிக அதிகமாகக் காட்டுகிறதே, அவரிடம் உடனே யாரையாவது அனுப்ப வேண்டாமா என்று கவலையோடு கேட்டார்.

வெண்ணிலா அப்போது படகில் இருந்தாள். எதிரே துடுப்பு போடுகிறவனைப் பார்த்தாள்.

"வேண்டாம் சார்... அவரை நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

சரி, என் கதை போதும். உங்கள் வீட்டு வாசலில் யாராவது கணக்கெடுக்க வந்து, ஒரு வார்த்தை மாறிப்போய், வாழ்க்கையே திசை மாறியது உண்டா? இல்லை, பிரஷர் மிஷின் பொய் சொன்ன நாள் ஏதாவது? கீழே எழுதுங்கள், வெட்கப்படாதீர்கள்... சர்க்கரை அளவையும் சேர்த்துத்தான்.