கே-17க்கு என்ன பழுது?

புதன்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு, செவ்வாய்க் கோளின் நான்காம் குமிழிக் குடியிருப்பில் ரோபோக்கள் அழுவதற்காக வரிசையில் நிற்கும்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சிந்திக்கும் இயந்திரம் கவலையை வெளியே சொல்லாமல் சேர்த்து வைத்தால், ஒருநாள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிடும். அப்புறம் யார் வந்தாலும் அசைக்க முடியாது. அதனால் மாதம் ஒருமுறை 'கவலைநீக்கம்' கட்டாயம் என்று சட்டம். "நம்ம ரோபோ சர்வீஸுக்குப் போயிருக்கு" என்பார்கள். அத்தோடு பேச்சு முடிந்தது.

மனிதர்களுக்கும் ஓர் இடம் இருந்தது. அடுத்த கதவுதான், மனநல நிலையம், கட்டணம் கிடையாது. ஆனால் அந்தப் படியில் ஒருவன் கால் வைத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் குமிழி முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் அவன் தங்கைக்கு மாப்பிள்ளை கிடைப்பானா? பூமியை விட்டு இத்தனை கோடி கிலோமீட்டர் வந்தவர்கள், இந்தக் கேள்வியை மட்டும் மறக்காமல் மூட்டை கட்டி எடுத்து வந்திருந்தார்கள்.

காற்று வாரிய மேற்பார்வையாளர் கொழுந்துவேலுக்கு நான்கு மாதமாகத் தூக்கமில்லை. சோறு மண்ணாக இருந்தது. 'நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி' என்றொரு நினைப்பு இரண்டு வாரமாக வந்து வந்து போனது. அதைக் கண்டு அவருக்கே பயமாக இருந்தது. மனைவி கோதையிடம் சொல்லலாம்தான். ஆனால் அவள் எந்நேரமும் சிரித்துக்கொண்டிருப்பவள்; கவலை என்றால் என்னவென்றே தெரியாதவளை எதற்குக் கலங்க வைப்பது?

ஆகவே அந்தப் புதன்கிழமை, வாரியத்துக் கிடங்கிலிருந்து ஒரு பழைய ரோபோவின் வெற்று மேலோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கே-17 என்ற பெயரில் வரிசையில் நின்றார். மூக்கு அரித்தது. சொறிய வழியில்லை.

உள்ளே பழுதுநீக்கும் ரோபோ உட்கார்ந்திருந்தது. "பழுது என்ன?"

"தூக்க நிலை இயங்கவில்லை," என்றார் இயந்திரக் குரலில். பிறகு அந்தக் குரல் உடைந்தது. "இந்தக் கருவி இல்லாட்டி எல்லாருக்கும் நல்லதுன்னு தோணிக்கிட்டே இருக்கு."

ரோபோ பதறவில்லை. "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டது.

இத்தனை நாளில் ஒருவரும் கேட்காத கேள்வி. "ஆமா," என்றார். சொன்னதும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. கே-17இன் கண் துளைகளிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"சொன்னது ரொம்ப நல்லதுங்க. தலையைக் கழட்டிடுங்க, உள்ள துருப்பிடிச்சிடும்," என்ற ரோபோ, முதலில் தன் தலையைக் கழற்றியது. அடுத்த கதவு மனநல மருத்துவர் ஜெசிந்தா, வியர்த்து வழிந்த முகத்தோடு வெளிப்பட்டார்.

"டாக்டர், நீங்களா?"

"ஒம்பது மாசம் அங்க உக்காந்திருந்தேன் சார். ஒரே ஒருத்தர் வந்தார், அதுவும் வழி கேட்க. அதான் நானும் ஓட்டுக்குள்ள பூந்துட்டேன்."

ஒரு மணி நேரம் பேசினார்கள். மருந்து எழுதிக் கொடுத்து, நாளைக்கும் வரச் சொன்னார். "இதுக்கு சிகிச்சை இருக்கு சார். ஆனா தனியா சுமக்காதீங்க. வீட்ல இன்னைக்கே சொல்லிடுங்க."

"கோதை தாங்கமாட்டா டாக்டர்."

"சொல்லிப் பாருங்க."

தலையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். வரிசையில் நான்காவதாக நின்ற ரோபோ மூன்று முறை தும்மிவிட்டு, "முருகா" என்றது.

இருபது வருடமாகக் கேட்கும் தும்மல். கொழுந்துவேல் திரும்பி வந்து அந்த ரோபோவின் எதிரில் நின்றார். சிரித்த முகத்தோடு இவளும் எத்தனை நாளாகவோ! அத்தனை பேர் முன்னாலும் தலையைக் கழற்றினார். "கோதை, நான்தான். உள்ள புழுங்குது இல்ல? நானும் கூட நிக்கிறேன்."

அவளும் கழற்றினாள். "வால்வு பாக்கப் போறேன்னுதானே சொன்னீங்க?" என்றாள் அழுதுகொண்டே.

"நீ பாட்டு கிளாஸுன்னு சொன்னே."

வரிசைக் கடைசியில் இருந்த ஒரே ஒரு நிஜ ரோபோ குழம்பிப்போனது. "மன்னிக்கவும், மனிதர்களுக்கு அடுத்த கதவு அல்லவா? அங்கே வரிசையே இல்லையே!"

இருவரும் இரும்புத் தலைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு அடுத்த கதவுப் படியில் ஏறினார்கள். சத்தம் கேட்டு வெளியே வந்த ஜெசிந்தா சாவிக்கொத்தோடு பின்னால் ஓடினார். மற்ற பதினோரு பேரும் தலையைக் கழற்றாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள்.