மேசைக்கு அடியில் ஒரு நீல வட்டம்

புயல் போகும்போது மின்சாரத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ரங்கூனின் பசுந்தாங் பகுதியில் எந்த வீட்டிலும் மோட்டார் ஓடவில்லை. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

உம்மாவின் குடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்தான் மிச்சம். தம்பி நிஹால் காய்ச்சலில் அழுதுகொண்டிருந்தான்.

அவன் அக்கா இன்ஷா சுவரில் இருந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரிசலை மறைக்க வாப்பா ஒட்டிய பழைய ரங்கூன் வரைபடம் அது. கறுப்பில் ரயில் பாதைகள், நீலத்தில் ஓடை, பழுப்பில் வளைந்த கோடுகள்.

"வாப்பா, இந்த நீல வட்டம் என்ன?"

வாப்பா ஓரத்துக் குறிப்பைப் படித்தார். "கிணறு! அட, ஓடைப் பக்கத்திலேயே ஒண்ணு இருக்கே. வா, போவோம்!"

"அது வேணாம் வாப்பா. ஓடையில உப்புத் தண்ணி ஏறுமே. பழுப்புக் கோடு மேட்டைக் காட்டுது. அங்கயும் ஒரு வட்டம் இருக்கு, பாருங்க."

"தினமும் இதுக்குக் கீழேதான் சாப்பிடறேன். எனக்கு விரிசல் மட்டும்தான் தெரிஞ்சுது!"

மேட்டில், ரயில் பாதையோரம், வட்டம் காட்டிய இடத்தில் கிணற்றைக் காணோம். மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் பர்மிய அம்மாள் டோ சேனின் கடைதான் இருந்தது. தண்ணீர் இல்லாததால் அடுப்பு எரியவில்லை. வரைபடம் காட்டும் கிணறு அவள் மேசைக்கு அடியில்தான் இருக்க வேண்டும் என்று வாப்பா சொன்னார்.

"என் மேசைக்கு அடியில கிணறா?" டோ சேன் கரண்டியை ஓங்கினாள். "அப்பாவும் மகளுமா என் கடையைத் தூக்க வந்தீங்களா?"

வாப்பா ஓரடி பின்வாங்கினார்.

கடையோரத்தில், வழிப்போக்கர்களுக்காக டோ சேன் வைத்திருந்த தண்ணீர்ப் பானைகளை இன்ஷா பார்த்தாள். எல்லாம் கவிழ்ந்து கிடந்தன.

"டோ சேன், ஸ்கூல் விட்டு வரும்போது இதுலதான் தண்ணி குடிப்பேன். நீங்க ஒருநாளும் காலியா வச்சதில்ல. கிணறு இருந்தா முதல் வாளி இதுக்குத்தான். கடையை நாங்களே பக்கத்துல போட்டுத் தர்றோம்."

டோ சேன் கவிழ்ந்த பானைகளைப் பார்த்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தமீ, நீ நாற்காலியைத் தூக்கு. மேசையை உன் அப்பா தூக்கட்டும்." ஊர்ச் சிறுமிகள் எல்லாருமே அவளுக்குத் தமீதான், மகள்தான்.

கடையின் தரைப் பலகைகளைப் பெயர்த்ததும் அடியில் செங்கல் வட்டம் தெரிந்தது. வாளி இறங்கியது. டோ சேன் ஒரு துளியை நாக்கில் வைத்தாள்.

"உப்பு இல்ல!"

அடுப்பு மூண்டது. தெருவே குடங்களோடு வந்து நின்றது. காய்ச்சி ஆறிய தண்ணீர் முதலில் பானைக்குப் போனது. அதிலிருந்து முதல் குவளையை டோ சேன் இன்ஷாவிடம் கொடுத்தாள்.

"தம்பிக்குக் கொண்டு போ."

இன்ஷா சிந்தாமல் நடந்தாள்.

நிஹால் மடமடவென்று குடித்தான். பிறகு அழாமல் கேட்டான்: "இன்னும் இருக்கா?"

"இருக்குடா," என்றாள் இன்ஷா. "ஒரு கிணறு நிறைய இருக்கு."