பாலின் மேல் நீல வளையம்

ஊரின் பெயர்ப் பலகைகளில் மெட்ராஸை அழித்துவிட்டுச் சென்னை என்று எழுதிக்கொண்டிருந்த வருஷம் அது. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், ஷம்ஷாத் மயிலாப்பூரில் கிச்சாவின் லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய வீட்டின் முன்கட்டுதான் லேப். உள்ளே நுழைந்தால் ஒரு பெஞ்சி, ஒரு தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் மைக்ராஸ்கோப், ஃப்ரிட்ஜ், ஓரமாக ஒரு வெள்ளை சிங்க். ஸ்பிரிட் வாசனை. அதற்கு அடியில், மூக்கை நன்றாக இழுத்தால், வேறொரு வாசனை. காய்ச்சாத பாலின் வாசனை.

கிச்சா நல்ல மனிதர்தான், கண்ணுகளா. கிருஷ்ணசாமி என்ற முழுப் பெயரை அவரே மறந்திருப்பார். ரத்தம் எடுக்க வரும் குழந்தைகளுக்கு ஊசி போடுவதற்கு முன்பே மிட்டாய் கொடுத்துவிடுவார்.

"நீ மாட்டாஸ்பத்திரி லேப்ல இருந்தவளாமே? இங்க யாருக்கும் கொம்பு இருக்காது. ஆனா முட்டுவா."

"மாடு முட்டறதுக்கு முன்னாடி தலையை ஆட்டிக் காட்டிடும் சார். மனுஷங்கதான் காட்டாம முட்டுவாங்க" என்றாள் ஷம்ஷாத்.

கிச்சா சிரித்தார். பிறகு சிங்க்கைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோம்மா. விளக்கு வெக்கற நேரத்துக்கு மேல அதுல எதையும் ஊத்தாதே. குழாய் பழசு."

அன்று சாயங்காலம் கபாலி கோயில் மணிச் சத்தம் மழையோடு கலந்து வந்துகொண்டிருந்தது. கிச்சா காப்பி குடிக்க உள்கட்டுக்குப் போயிருந்தார். கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்கிவிட்டு ஷம்ஷாத் நிமிர்ந்தபோது, வாசல் பெஞ்சியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நடுத்தர வயது. தலை கலைந்திருந்தது. காய்ச்சல்காரியின் கண்கள்.

"எம்மா, ரத்தம் குட்த்துட்டு குந்திக்கினு கீறேன். ரிசல்ட்டு இன்னும் வர்லியே."

"பேர் இன்னாம்மா?"

"பூங்காவனம்."

ஷம்ஷாத் அன்று வந்த குழாய்களைத் தேடினாள். அப்படி ஒரு பெயர் ஒட்டிய குழாயே இல்லை. "எப்ப குடுத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினாள்.

பெஞ்சி காலியாக இருந்தது.

மரப்பலகையில் ஈரம். அதிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது மழைத் தண்ணீர் இல்லை. வெள்ளையாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: அந்தப் பெண்ணின் ரவிக்கை முன்பக்கம் மட்டும் நனைந்திருந்தது. பிள்ளை பெற்று, கொடுக்கப் பிள்ளை இல்லாதவளின் ரவிக்கை அப்படித்தான் நனையும்.

கிச்சாவிடம் பெயரைச் சொன்னாள். அவர் காப்பி டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"நீ யாரையும் பாக்கலே" என்றார். "போய்ப் பூட்டு."

கிச்சாவின் ஒரே மகள் ஜானு அப்போது பிறந்த வீட்டில், அந்த உள்கட்டில்தான் இருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டானவள். வளைகாப்புக்காக அழைத்து வந்திருந்தார்கள். வந்த கொஞ்ச நாளில் காய்ச்சல் தொடங்கியது. காலையில் நன்றாக இருப்பாள், சிரிப்பாள், வடாம் கேட்பாள். பொழுது சாயும்போது நடுக்கம் வரும். இடுப்பு வலி. பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்குப் புடவை வேர்வையில் நனையும். டைபாய்டு இல்லை, மலேரியா இல்லை. கடைசியில் டாக்டரம்மா ஒரு சீட்டில் எழுதினாள்: புருசெல்லா.

மாட்டிலிருந்து மனிதனுக்கு வரும் காய்ச்சல் அது. மாட்டுக்கு வந்தால் கன்று வயிற்றிலேயே போகும். மனுஷிக்கு வந்தால்...

"சீக்கிரம் பாத்துச் சொல்லுங்கோ. பாசிடிவ்னா மருந்து வேற. லேட் பண்ணினா குழந்தை தங்காது" என்று டாக்டரம்மா போனில் சொன்னாள்.

அந்தச் சோதனை எப்படி என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், ஒன்றும் கஷ்டமில்லை. வெள்ளை டைலில் நோயாளியின் சீரம், அதாவது ரத்தம் உறைந்த பின் மேலே தெளிந்து நிற்கும் நீர், ஒரு சொட்டு. அதன் மேல் ரோஸ் நிற மருந்து ஒரு சொட்டு. குச்சியால் கலந்து, டைலைக் கையில் ஏந்தி, முன்னும் பின்னுமாக மெல்லச் சாய்த்து ஆட்ட வேண்டும். நோய் இருந்தால் அந்தச் சொட்டு பால் திரிந்த மாதிரி பொடிப்பொடியாகத் திரளும். இல்லாவிட்டால் பன்னீர் போல வழவழவென்று அப்படியே இருக்கும். கூடவே இரண்டு சொட்டு வைப்பார்கள். ஒன்று நோய் உண்டு என்று தெரிந்த சீரம், திரண்டே ஆக வேண்டும். மற்றது வெறும் உப்புத் தண்ணீர், திரளவே கூடாது. மருந்து நல்ல மருந்துதானா என்று பார்க்கத்தான் அந்த இரண்டும்.

கிச்சா ஃப்ரிட்ஜின் பின்மூலையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்தார். சீல் உடையாத குப்பி. எப்போதோ ஒருவர் கேட்கும் இந்தச் சோதனைக்காக அதை அவர் திறந்ததே இல்லை. திறந்தால் மீதி வீணாகுமே என்று. இப்போது அவர் கையாலேயே உடைத்தார்.

ஷம்ஷாத் சொட்டுகளை வைத்தாள். டைலை எடுத்து ஆட்டத் தொடங்கினாள்.

முன்னே. பின்னே. முன்னே. பின்னே.

யாரோ மெல்லிய குரலில் முனகினார்கள்.

ஆராரோ.

"சார், நீங்களா?"

கிச்சாவின் உதடுகள் அசையவே இல்லை. அவர் ஜானுவின் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வழவழவென்று இருந்தது. "ஒண்ணுமில்லே! ஒண்ணுமே இல்லே! பெருமாளே!"

"இருங்க சார்" என்றாள் ஷம்ஷாத். டைலை அவர் பக்கம் நீட்டினாள். "இத பாருங்க."

நோய் உண்டு என்று தெரிந்த சொட்டும் வழவழவென்றே இருந்தது.

பக்கத்தில் வெறும் உப்புத் தண்ணீர், அவர்கள் கண்ணெதிரே, பொடிப்பொடியாகத் திரண்டுகொண்டிருந்தது.

சிங்க்கின் ஓட்டைக்குள் ஏதோ களக்கென்றது. பச்சைப் பாலின் வாசனை குப்பென்று எழும்பியது.

"மொதல்ல என்னுது."

அதைச் சொன்னது ஷம்ஷாத் இல்லை.

மறுநாளும் அப்படியே. வேறு குப்பி வாங்கி வந்தார்கள், அதுவும் தலைகீழ். மற்றவர்களின் சோதனைகள் எல்லாம் ஒழுங்காக வந்தன. ஜானுவின் ரத்தம் வைத்தால் மட்டும் டைல் பொய் சொன்னது. கிண்டியில் தெரிந்தவர் ஒருவரின் லேபுக்கு ஷம்ஷாத்தே ரத்தத்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். அங்கே மூடியைத் திறந்தபோது குழாய்க்குள் தயிர் இருந்தது.

அதற்கு மறுநாள் விடிகாலை அவள் சீக்கிரமே வந்துவிட்டாள். லேப் வாசலில் ஒரு கறுப்புப் பசு நின்றிருந்தது. முருகையன் என்ற பால்காரர் குந்தி உட்கார்ந்து செம்பில் கறந்துகொண்டிருந்தார். நுரை அடங்குவதற்குள் கிச்சாவின் மனைவி குங்குமப்பூவைத் தூவி, செம்போடு உள்ளே ஓடினாள். பிள்ளைத்தாய்ச்சி கறந்த சூட்டோடு குடித்தால் குழந்தை நிறமாகப் பிறக்குமாம்.

"காய்ச்சாமயா?" ஷம்ஷாத் பதறிப்போனாள். "ஐயோ மாமி, குடுக்காதீங்க! நைனா, இது எப்பயிருந்து?"

"பொண்ணு வந்ததுலேந்து நம்ம மாடுதாம்மா. பயப்படாத, சுத்தமான மாடு" என்றார் முருகையன். "என் வூட்டுக்காரிக்குக் காச்சல் வந்தப்ப, மாட்டாலதான் வந்துகீது, விய்யாதி இருந்தா மாட்டைத் தள்ளிரணும்னாரு டாக்டரு. இதோ, இந்த லேப்புலதான் பாத்து, ஒண்ணும் இல்லனு எய்திக் குட்த்தாங்கோ. அப்பால எனக்கு இன்னா பயம்?"

"உங்க வீட்டுக்காரி பேரு?"

"பூங்காவனம். போய்ச் சேந்துட்டாம்மா. வயித்துல புள்ள ஏழு மாசம். அது மொதல்ல போச்சு. அந்த ரத்தம் நிக்கவே இல்ல. அது பின்னால இவ."

தடுப்பின் ஓரத்தில் கிச்சா நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. வீட்டுக்கு யார் பால் ஊற்றுகிறார்கள் என்று அவர் கேட்டதே கிடையாது.

முருகையன் மாட்டை ஓட்டிக்கொண்டு போனதும் அவர் பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் பாக்கவே இல்லேம்மா. ஒருத்திக்காகக் குப்பியை ஒடைப்பாளான்னு... ரத்தத்தை சிங்க்ல ஊத்திட்டு நெகடிவ்னு எழுதிட்டேன். பத்துப் பேருக்குப் பாத்தா பத்தும் நெகடிவாத்தான் இருக்கும், இவளுக்கு மட்டும் என்ன வந்துடப்போறதுன்னு நெனைச்சுண்டேன்."

ஷம்ஷாத் வாசலில் மாடு நின்ற இடத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அவங்க பழிவாங்க வந்தாங்களோ இல்லையோ சார், பழியை வாசல்ல கட்டிக் கறந்தது நீங்க. இப்ப அவங்க வரிசைல மொதல்ல நிக்கிறாங்க. அவங்களத் தாண்டி ஜானுவுக்கு ரிசல்ட்டு வராது."

"ரத்தத்துக்கு எங்க போவேன்?"

இருவரும் சிங்க்கைப் பார்த்தார்கள்.

அதன் அடியில் வளைந்து போகும் குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். பொழுது சாயும் வரை காத்திருந்து, அதைக் கிச்சாவே கழற்றினார். கழற்றச் சொன்னது ஷம்ஷாத். அவர் முட்டிபோட்டு, கிண்ணத்தைப் பிடித்து, ஸ்பேனரைத் திருப்பினார். வந்தது கறுத்த சாக்கடைத் தண்ணீர் இல்லை.

இளஞ்சூடாக இருந்தது.

சிவப்பாக இருந்தது.

டைலில் அதைத்தான் முதலில் வைத்தார்கள். பக்கத்தில் ஜானுவின் சொட்டு. ஆட்டியது கிச்சா. முன்னே, பின்னே. அந்த முனகல் இப்போது அவர் தோளுக்கு மேலேயே கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஷம்ஷாத் பார்த்தாள். அதன் பிறகு நெடுநாள் அவள் கண்ணாடி பார்த்துத் தலை வாரவில்லை.

முதல் சொட்டு திரண்டது. மணல் மணலாக, ரோஸ் நிறத்தில்.

"சத்தமா சொல்லுங்க சார்."

"பூங்காவனம்..." கிச்சா டைலைக் கீழே வைத்தார். "பாசிடிவ்."

அந்தச் சொல் வெளியே வந்த நொடியில் ஜானுவின் சொட்டும் திரண்டது.

அன்றே மருந்து தொடங்கினார்கள். மறுநாள் முருகையனிடம் கிச்சா உண்மையைச் சொன்னார். முருகையன் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக் கிச்சாவின் கையில் வைத்துவிட்டு, சாந்தோம் பக்கம் நடந்துபோனார். திரும்பி வரவே இல்லை.

ஜானு பிழைத்தாள். மாசியில் பெண் குழந்தை பிறந்தது. குறையொன்றுமில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் ஷம்ஷாத்தும் நினைத்தாள். நான் கூட உங்களுக்காக இங்கேயே நிறுத்தியிருப்பேன்.

பங்குனியில் ஒரு சாயங்காலம், லேபைப் பூட்டும் முன் குழந்தையைப் பார்க்க அவள் உள்கட்டுக்குப் போனாள். கிச்சா வேலையாகக் கிண்டிக்குப் போயிருந்தார். உத்தரத்தில் தூளி கட்டியிருந்தது. ஜானு பக்கத்தில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா இன்னும் வரலியே. விளக்கு வெக்கற நேரத்துல தூளிகிட்ட வந்து என்னமோ முணுமுணுப்பார். என்ன ஜபமோ தெரியலே. ஒரு நாள் கூட விட்டதில்லே."

தெருவிளக்கு எரிந்தது.

தூளி அசைந்தது.

பக்கவாட்டில் இல்லை. தூளி எப்போதும் அப்படித்தானே ஆடும். இது முன்னே சாய்ந்தது. பின்னே சாய்ந்தது. கையில் ஏந்திய டைல் போல.

"காத்து" என்றாள் ஜானு. ஜன்னல் சாத்தியிருந்தது.

சாய்வு அதிகமானது. குழந்தையின் தலை துணியின் விளிம்பு வரை வந்தது. ஜானு அலறிக்கொண்டு தூளியைப் பிடித்தாள். துணி இரும்பாக இருந்தது. ஷம்ஷாத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"பூங்காவனம், பாசிடிவ்!" என்று கத்தினாள்.

தூளி ஒரு கணம் நின்றது. காது கொடுத்துக் கேட்பது போல.

"நீ ஊத்தலம்மா" என்றது அந்தக் குரல், அன்பாகவே. "ஊத்துனவரு சொல்லட்டும்."

மறுபடி சாய்ந்தது.

அப்போது போன் அடித்தது. ஷம்ஷாத் பாய்ந்து எடுத்தாள். சைதாப்பேட்டை பாலத்தில் லாரி கவிழ்ந்து வழி அடைத்து, பஸ்ஸிலிருந்து குதித்து ஓடி, ஏதோ டெலிபோன் பூத்திலிருந்து கிச்சா மூச்சு வாங்கினார். "தூளிகிட்ட... தூளிகிட்டப் பிடி!"

வயரை இழுத்து ரிசீவரைத் தூளியின் பக்கம் நீட்டினாள். அந்தச் சின்னக் கறுப்பு ஓட்டைகள் வழியே ஒரு வயதான ஆணின் அழுகை அறை முழுக்கக் கேட்டது.

"பூங்காவனம். பாசிடிவ். பாசிடிவ்டியம்மா."

தூளி நின்றது.

குழந்தை அழவில்லை. ஜானு அதை வாரியெடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பக்கத்தில் பால் புகட்ட வைத்திருந்த பாலாடையை எடுத்தாள். மார்பில் பால் போதவில்லை என்று, பாக்கெட் பாலை நன்றாகக் காய்ச்சி ஆற வைத்திருந்தார்கள்.

ஷம்ஷாத் அதைப் பார்த்துவிட்டு மூச்சை நிறுத்தினாள்.

மாட்டாஸ்பத்திரி லேபில் பாலைச் சோதிக்க ஒரு நீல மருந்து உண்டு. நோயுள்ள பாலில் அதை விட்டு வைத்தால், ஏடு மிதக்கும் இடத்தில் நீலமாக ஒரு வளையம் கட்டும். மருந்து விட்டால்தான் கட்டும்.

இந்தப் பாலில் யாரும் எதையும் விடவில்லை.

பாலாடையின் விளிம்பைச் சுற்றி, நூல் போல, நீலம் கூடிக்கொண்டிருந்தது.

"குடுக்காதே ஜானு!" என்று பிடுங்கினாள். பால் தரையில் கொட்டியது.

ஜானு குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். அது வெறும் மூலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது, பழகியவர்களைப் பார்த்துச் சிரிப்பது போல. வாயோரம் பால் வழிந்திருந்தது. அன்று சாயங்காலம் அதற்கு யாரும் இன்னும் பால் கொடுக்கவே இல்லை.

அந்தச் சின்ன உதடுகளைச் சுற்றி ஒரு நீல வளையம்.