சூளைச் சுண்ணாம்பு

குசினியில் மீனுமில்லை, அடுப்பும் எரியவில்லை. ஆனாலும் மயிர் கருகுவதுபோல ஒரு மணம் றோஸியின் மூக்கை விட்டுப் போகவே மாட்டேன் என்றது. அந்த நாற்றத்துக்குத்தான் அவளுக்கு வாயூறியது. சீ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கொட்டாஞ்சேனையில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் புதுக் கக்கூசுக்குக் குழி வெட்டியபோது, வட்டமான பழைய செங்கல் சுவரொன்று வந்திருந்தது. ஒல்லாந்தர் கோட்டை கட்டச் சுண்ணாம்புக்காகச் சிப்பியும் கடல் முருகைக்கல்லும் சுட்ட சூளை என்று தொல்பொருள் ஆட்கள் சொல்லி, சுற்றி நாடா கட்டிவிட்டுப் போனார்கள். அன்று பற்றிக் என்ற அவள் புருஷன் விளையாட்டாக ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டான். தண்ணீர் சுர்ரென்று கொதித்தது.

"பாத்தியா, இவ்வளவு காலமாகியும் இது இன்னும் சாகேல்லை," என்று சிரித்தான்.

றோஸிக்கு இது ஆறாம் மாதம். முன்பு இரண்டு கலைந்துவிட்டன. இதாவது தங்கவேண்டும் என்று அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் சுவரைச் சுரண்டித் தின்பது ஊரில் இல்லாததா என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லி, நாடாவுக்கு அடியால் கையை விட்டு, அந்த மணம் வீசிய சூளைச் சுண்ணாம்பை எடுத்தாள். அன்றிலிருந்து தினமும் தின்கிறாள். நாக்கு வெந்து தோல் உரிந்தது. அருவருப்போடு அதையும் சேர்த்து விழுங்கினாள்.

இன்று பின்னேரம் ஒரு துண்டு கடிபடவில்லை. கையில் துப்பிப் பார்த்தாள். எச்சில் கோழைக்குள் வெள்ளையாக, சின்னதாக.

சிப்பியில்லை. யாரோ ஒரு பிள்ளையின் பால்பல்.

நேற்றும் கடிபடாத துண்டுகள் வந்தன. முந்தாநாளும். எல்லாவற்றையும் சிப்பி என்று நினைத்து விழுங்கியிருந்தாள்.

தொண்டைக்குள் விரலை விட்டாள். வெள்ளைக் கோழை வந்தது. வேறொன்றும் வரவில்லை. செம்பு நிறையத் தண்ணீர் குடித்தாள்.

வயிற்றுக்குள் சுர்ரென்றது.

காலையிலிருந்து அசையாத பிள்ளை இப்போது அசைந்தது.

வேலையால் வந்த பற்றிக், வழக்கம்போல முழங்காலில் நின்று அவள் வயிற்றில் காதை வைத்தான்.

"அப்பா வந்திட்டன், மகன்."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மறைந்தது.

"றோஸி, என்னத்தை இப்பிடி நறநறவெண்டு சப்புறாய்?"

அவள் வாயைத் திறந்து காட்டினாள்.

வாய்க்குள் ஒன்றுமில்லை.

வயிற்றுக்குள் மெல்லுவது நிற்கவில்லை.