நெற்றியில் வைத்த காசு

இரவெல்லாம் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கணவன் செல்வகுமாரின் கட்டிலருகே கண்விழித்துவிட்டு, மத்தியான வெயிலில் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள் ஹேமலதா. பழங்காசுகளைத் துடைத்துப் பட்டியல் போடுவது அவள் வேலை. பட்ட காலிலே படும் என்பார்கள். நெஞ்சில் சளி கட்டிப் பத்து நாளாய் மூச்சுக்குத் திணறுகிறவனை விட்டுவிட்டு, செத்தவர்களின் காசைத் துடைக்க வரவேண்டியிருக்கிறது. உடம்பும் மனசும் சேர்ந்து அலுத்துப் போயிருந்தன.

வீட்டுக்காரர் லூயிஸ் கூடத்தோடு நின்றுகொண்டார்.

"பின்ரூம்ல ஒரு பெட்டி இருக்குதும்மா. எங்க தாத்தா ஆத்தங்கரையில தோண்டி எடுத்தது. நான் உள்ள வர்லம்மா."

பெட்டிக்குள் ஒரு மண்டை ஓடு, பக்கத்தில் ரோமாபுரி வெள்ளிக்காசு ஒன்று. மண்டையின் நெற்றியில் அந்தக் காசளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் படிந்திருந்தது. சாத்திக் கிடந்த அறையில் ஈர மணல் வாடையோடு புளித்த சாராய வாடையும் கலந்து அடித்தது. அவள் காசை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

டக்.

பல்லோடு பல் இடிக்கிற சத்தம்.

தூக்கக் கலக்கம் என்று நினைத்தாள்.

டக்.

மண்டையின் தாடை திறந்தது. திறந்தபடியே நின்றது.

ஓடியிருக்க வேண்டும். ஓடக் காலில் தெம்பில்லை. பயப்படவும் தெம்பு வேண்டுமே.

நெற்றியிலிருந்த வட்டத்தையும் திறந்த வாயையும் மாறி மாறிப் பார்த்தபோது அவளுக்கு விஷயம் விளங்கியது. கப்பலேறி வந்து இங்கே செத்துப்போன யவனன் இவன். பாவம் பார்த்துப் புதைத்த நம்மவர்கள், நம் வழக்கப்படி நெற்றியில் காசு வைத்துவிட்டார்கள். அவன் தேசத்திலோ வாய்க்குள் வைப்பார்கள். அந்தக் காசைக் கொடுத்தால்தான் செத்தவனை ஓடக்காரன் மரண ஆற்றின் அக்கரைக்கு ஏற்றிக்கொள்வான். இரண்டாயிரம் வருஷமாய் வாயைத் திறந்துகொண்டு இக்கரையிலேயே நிற்கிறான். அவளுக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது.

"போய்ச் சேருய்யா," என்று முணுமுணுத்தபடி காசை அந்த வாய்க்குள் வைத்தாள். "இந்தப் புண்ணியம் எம் புருசனுக்குப் போவட்டும்."

தாடை மூடிக்கொண்டது. வாடையும் போய்விட்டது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் செல்வகுமார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். திணறல் இல்லை. சந்தோஷத்தில் ஹேமலதாவுக்கு அழுகை வந்தது.

"மத்தியானம் யாரோ வெளியூர்க்காரரு வந்தாரு ஹேமா," என்றான் மெல்ல. "ஊருக்குக் கெளம்புறாராம். ரொம்ப நாளா தனியாவே நின்னாராம். இனிமே தனியாப் போவப் பயமா இருக்குதாம்."

அவள் கட்டிலோரம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"நீங்க என்னா சொன்னீங்க?"

"பாவமா இருந்துச்சி. தொணைக்கு வர்றேன்னுட்டேன்."

போர்வையை விலக்கினாள்.

அவன் கால்கள் முழங்கால்வரை நனைந்திருந்தன. பாதமெல்லாம் ஆற்று மணல்.

முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். ஈரம் அவன் இடுப்புக்கு ஏறிக்கொண்டிருந்தது.