பம்பருக்குள் ஒரு பல்

செல்போன் அலறியபோது பல் டாக்டரின் கையில் டிரில் சுழன்றுகொண்டிருந்தது.

நாற்காலியில் வாயைப் பிளந்தபடி ஒரு பேஷண்ட்.

திரையில் பார்த்தார். பெயிண்ட் பட்டறை.

வராந்தாவுக்கு ஓடினார்.

"டாக்டர், உங்க கார் பம்பரைக் கழட்டினோம்."

"சரி..."

"உள்ள ஒண்ணு மாட்டியிருக்கு. போன்ல சொல்ல முடியாது. தனியா வாங்க."



முந்தாநாள் மாலை. கொட்டும் மழை. கிளினிக்கைப் பூட்டிவிட்டு, எதிர்க்கடையில் காபி குடித்து முடித்து, காரைப் பின் சந்தில் திருப்பினார். ஓர் உருவம் குறுக்கே பாய்ந்தது.

தட்.

பிரேக் அடித்தார். கண்ணாடியில் பார்த்தார். விழுந்த உருவம் எழவில்லை. கால் தானாக ஆக்ஸிலேட்டருக்குப் போனது.

தானாகவா? இல்லை. அவர்தான் வைத்தார். அந்த ஒரு நொடியைத்தான் அன்றிலிருந்து விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் வைத்திருந்தார்.

மறுநாள் காலை சந்தில் ஆள் இல்லை. ரத்தத்தை மழை கழுவியிருந்தது. கிளினிக்கின் பின்கதவு மட்டும் உடைந்து கிடந்தது. பல்லுக்கு வைக்கும் தங்கம் மொத்தமும் காணோம்.

போலீஸ் வந்தது.

"உங்க கார் எங்க டாக்டர்?" என்று இன்ஸ்பெக்டர் சும்மாதான் கேட்டார்.

"சர்வீஸுக்கு... விட்டிருக்கேன்."

திருட்டுக் கொடுத்தவர் திருடன் மாதிரி வியர்த்தார்.

டாக்டர் பட்டறைக்குள் நுழைந்ததும் பட்டறைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். தின்னர் வாடை மூக்கில் ஏறியது. காரின் மூக்கு பிடுங்கப்பட்டு, பேப்பர் ஒட்டி நின்றது.

"நாய் குறுக்க வந்துச்சுன்னு சொன்னீங்க."

"ஆமா."

பட்டறைக்காரர் உள்ளங்கையை விரித்தார்.

"நாய்க்கு இப்படியா பல்லு இருக்கும்?"

ஒரு முன்பல். வெள்ளை வெளேர் என்று...

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"பயப்படாதீங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன். டிங்கரிங் பண்ணி, பட்டி போட்டு, பெயிண்ட் அடிச்சா யாருக்கும் தெரியாது. யாரோ எவரோ. நமக்கென்ன? அடிச்சிரட்டுமா?"

டாக்டரின் தலை மெதுவாக ஆடியது. சரி என்று.

ஆடிய தலை பாதியில் நின்றது.

பல்லை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். அது செயற்கைப் பல். ஓரத்தை லேசாகச் சாய்த்து இழைத்தது யார்? அவரே. "அசலு மாதிரி இருக்கணும் அத்தான்" என்று நச்சரித்து மச்சான் போட்டுக்கொண்ட பல்.

மனைவியின் ஒரே தம்பி.

இன்று காலைதான் அவள் சொன்னாள். "தம்பி ரெண்டு நாளா போனே எடுக்கலைங்க."

"அடிக்காதீங்க" என்றார் டாக்டர்.

"ஏன் டாக்டர்?"

"இது யாரோ இல்ல. என் மச்சான்."

பட்டறைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரோன்னா அடிச்சிருக்கலாம், இல்ல?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"நான் சொல்றதை முழுசாக் கேளு. அப்புறம் என்னை என்ன வேணா பண்ணு."

"என்னங்க, முகமெல்லாம் வெளுத்திருக்கு?"

"முந்தாநாள் மழையில ஒருத்தனை இடிச்சிட்டேன். நிறுத்தாம வந்துட்டேன். அது... உன் தம்பி. நான் அவனைக் கொன்னுட்டேன்."

அவள் கையிலிருந்த சட்டை நழுவியது.

அழுவாள் என்று எதிர்பார்த்தார். கத்துவாள்...

அவள் மாடிப்படியை அண்ணாந்து பார்த்தாள்.

"டேய். இறங்கி வாடா."

படியில் செருப்புச் சத்தம். உதடு வீங்கி, நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டி, நொண்டிக்கொண்டே இறங்கினான் மச்சான்.



"நீ... உயிரோடவா?"

"அது நீங்களா அத்தான்? ஹெட்லைட் வெளிச்சத்துல ஒண்ணுமே தெரியல." முன்பல் இல்லாத வாயில் வார்த்தைக்கு முன்னால் காற்று வந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகாம இங்க ஏன்டா ஒளிஞ்சிருக்க?"

மச்சான் பாக்கெட்டுக்குள் கைவிட்டான். மேஜைமேல் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்தான்.

தங்கம்.

"உங்க கிளினிக் கதவை உடைச்சிட்டு ஓடி வந்தேன். அப்பதான் நீங்க... புத்தி கெட்டுப்போச்சு அத்தான்."

டாக்டர் மனைவியைப் பார்த்தார்.

"போன் எடுக்கலைன்னு சொன்னது பொய்யா? தெரிஞ்சே மறைச்சியா?"

"கூடப் பிறந்தவனாச்சே. போலீஸ்ல மாட்டி விட மனசு வரல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க முகத்தைப் பார்க்கிறப்பெல்லாம் செத்துச் செத்துப் பொழைச்சேன். நீங்களும் அப்படித்தான் இருந்திருக்கீங்க, எனக்குத்தான் தெரியல."

மூன்று பேரும் தரையையே பார்த்தார்கள்.

டாக்டர் எழுந்தார்.

"ஸ்டேஷனுக்குப் போலாம். நான் இடிச்சதைச் சொல்லிடறேன். நீ எடுத்ததைச் சொல்லிடு."

"நானும் வரேன். மறைச்சதைச் சொல்லணும்ல" என்றாள் மனைவி.

"பக்கத்து வீட்டுல கார் கேட்கட்டுமா?" என்றார் டாக்டர்.

"வேண்டவே வேண்டாம், டாக்ஸி சொல்லுங்க. இனிமே உங்க கையில ஸ்டியரிங்கைக் கொடுத்தா, எனக்குப் பிறந்த வீட்டுல யாரும் மிஞ்ச மாட்டாங்க."