கைக்கு எட்டாத பிஸ்கட் டப்பா

எதிர்வீட்டு மாடியில் இப்போது யாரோ புதியவர்கள். ஜன்னலில் கனமான திரை. எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரிவதில்லை. வெட்டுக்கிளி அங்கே இருந்த நாட்களில் எனக்குப் பொழுது போதவே போதாது.

வெட்டுக்கிளி என்றால் பூச்சி இல்லை, பத்து வயதுப் பெண். ஓர் இடத்தில் நிற்க மாட்டாள். அவள் அம்மா அதற்கு நேர்மாறு. மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுக் கேட்டு, வீட்டிலிருந்தே கணினியில் தட்டுவது அவர் வேலை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுவார். கூடவே இடுப்பு வலி.

ஒருநாள் அவர் அலுவலகத்தில் எல்லோருக்கும் கைப்பட்டை கொடுத்தார்கள். மணிக்கு ஒருமுறை அது விர்ரென்று அதிரும். எழுந்து நட என்று அர்த்தம். நடந்தால் கைபேசியில் ஒரு செடி வளரும். நடக்காவிட்டால் வாடும். யார் செடி எப்படி இருக்கிறது என்று அலுவலகமே பார்க்கலாம்.

அம்மாவின் செடி மூன்றே நாளில் சருகாகிவிட்டது. அம்மா என்ன செய்தார் தெரியுமா? பட்டையைக் கழற்றி மகள் கையில் கட்டினார்.

"நீ பாட்டுக்குக் குதி, கண்ணு. செடி பொழச்சுக்கும்."

செடியா பிழைத்தது? மரமாகிப் பூத்துக் குலுங்கியது. உடனே அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. 'நீங்கள்தான் சிறந்த நடையாளர். அடுத்த மாதம் ஏரியைச் சுற்றி எல்லோரும் நடக்கிறோம். முதலில் நீங்கள் நடக்க வேண்டும்.'

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்குது. மானம் கப்பலேறப் போகுது."

"பட்டைய நீயே கட்டிக்கோம்மா. இன்னும் ஒரு மாசம் இருக்குல்ல?"

"எந்திரிக்க நேரம் எங்கடி இருக்கு?"

வெட்டுக்கிளி அம்மாவின் மேசையைப் பார்த்தாள். தண்ணீர் பாட்டில், சார்ஜர், பிஸ்கட் டப்பா எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருந்தன. அப்புறம் அம்மா எதற்கு எழப் போகிறார்?

மறுநாள் பாட்டில் சமையலறைக்குப் போனது. சார்ஜர் கடைசி அறைக்குப் போனது. பிஸ்கட் டப்பா தெருவைத் தாண்டி என் வீட்டுக்கே வந்துவிட்டது.

"அத்தை, இது இங்கேயே இருக்கட்டும். அம்மா வந்து கேட்டா ஒன்னே ஒன்னு குடுங்க."

"ஒன்னுதானா?"

"அப்பத்தான மறுபடி வருவாங்க."

எனக்கென்ன கசக்கிறதா? ஊர்க்கதை பேச ஆள் வீடு தேடி வந்தால் விடுவேனா? முதல் நாள் என் மாடிப்படி ஏறி வந்த அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. டப்பாவைக் கையால் காட்டினார். மூன்றாவது வாரம் ஏறி வந்த கையோடு, "கீழ் வீட்டுல என்னக்கா சத்தம்?" என்று கேட்டார். தேறிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

நடை நாளன்று நானும் போனேன். வேடிக்கை பார்க்கத்தான். முதலில் கிளம்பிய அம்மா, ஏரியைச் சுற்றி வரும்போது கடைசியிலிருந்து ஐந்தாவது. ஆனால் எங்கேயும் உட்காரவில்லை.

மேலாளர் புருவத்தை உயர்த்தினார். "என்னம்மா, உங்க மரம் அவ்ளோ பெருசா வளந்துச்சே?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெட்டுக்கிளி குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா அவள் தோளில் கைபோட்டார். "அது என் பொண்ணு வளத்த மரம், சார். இன்னைக்கு நடந்தேனே, அதுதான் என்னோடது."

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "என்னோடது எங்க வீட்டு நாய் வளத்தது."

மேலாளரே சிரித்துவிட்டார்.

வீடு திரும்பப் பேருந்து வந்து நின்றது. அம்மாவும் மகளும் அதைப் பார்க்கக்கூட இல்லை. கைகோத்துப் பேசிக்கொண்டே நடந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கேட்க, கால் கடுக்கப் பின்னாலேயே நானும் நடந்தேன்.